மூன்று அழைப்புகளும் தடுமாறும் ஒரு மொழியும்: ஒப்பிலக்கிய முனைவர் படிப்பைத் தேர்ந்த ஒரு நிகழ்வு

2019 மார்ச் மூன்றாம் வாரம், என்னிடம் முதுகலை படித்த மாணவி ஒருவர் எக்செல் தாள் ஒன்றை அனுப்பியிருந்தார். ஒப்பிலக்கியத்தில் முனைவர் பட்டத்துக்கு எட்டு இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தார். மூன்று இடங்கள் கூப்பிட்டிருந்தன, ஓர் இடம் காத்திருப்போர் பட்டியலில் போட்டிருந்தது, மீதி நான்கும் கைவிரித்துவிட்டன. தாளில் பதினோரு நிரல்கள். தரவரிசை, உதவித்தொகை, எத்தனை ஆண்டு, எத்தனை பருவம் பாடம் நடத்த வேண்டும், நூலகம், ஊர், குளிர் என்று எல்லாவற்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டு, கடைசியில் கூட்டல். மூன்று இடங்களுக்கும் 74, 71, 70 என்று வந்திருந்தது. "கூட்டிப் பார்த்தும் ஒண்ணும் தெரியல சார்." மின்னஞ்சலில் இருந்தது அந்த ஒரு வரிதான்.

அடுத்த நான்கு வாரங்களில் நடந்ததையும், அந்த முடிவு பிந்தைய ஆறு ஆண்டுகளில் என்ன ஆனது என்பதையும் அவர் சம்மதத்தோடு இங்கே எழுதிவைக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பல்கலைக்கழகங்களுக்கு எங்கள் பேச்சில் வழங்கிய பெயர்களே இங்கும்: பெரிய இடம், மாநில இடம், பிரிட்டன் இடம். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் நான் நடுநிலை ஆள் கிடையாது. பரிந்துரைக் கடிதம் எழுதியவன், ஒரு பக்கம் கட்சி கட்டி வாதாடியவன். அந்தக் கட்சி தோற்றது.

ஆளும் ஆய்வும்

அவருக்குத் தமிழ் வீட்டு மொழி, ஆங்கிலம் படிப்பு மொழி. பிரெஞ்சு நன்றாகவே வரும், நாவலை அகராதி இல்லாமல் படித்துவிடுவார். அரபு மட்டும் வேறு கதை. சின்ன வயதில் பொருள் தெரியாமல் ஓதக் கற்றது, இருபது வயதுக்கு மேல் முறையாக மூன்றாண்டு இலக்கணம் படித்தது. உச்சரிப்பு சுத்தம். ஆனால் உயிர்க்குறிகள் (உயிரொலியைக் காட்டும் குறிகள்) இல்லாமல் அச்சாகும் நவீன உரைநடையில் ஒரு பக்கத்தைக் கடக்க அரைமணி நேரம் ஆகும். விண்ணப்பத்தில் 'உயர்நிலை வாசிப்புத் திறன்' என்று எழுதியிருந்தார். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஆய்வு, இலக்கிய இதழ்களைப் பற்றியது. 1966இல் மொராக்கோவின் ரபாத்தில் கவிஞர் அப்தல்லத்தீஃப் லாபி தொடங்கிய பிரெஞ்சு இதழ் 'சூஃப்ல்'. அதற்கு அரபுத் துணையாக 1971இல் வந்தது 'அன்ஃபாஸ்'. இரண்டு பெயருக்கும் பொருள் ஒன்றே: மூச்சுகள். 1972இல் லாபி கைதானார், இதழ்களும் அத்தோடு நின்றன. இன்னொரு பக்கம், ஆப்பிரிக்க ஆசிய எழுத்தாளர் அமைப்பு 1968 முதல் கெய்ரோவிலிருந்து அரபு, ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் கொண்டுவந்த 'லோட்டஸ்'. ஒன்று அரசின் கோபத்தில் அழிந்தது, மற்றது அரசுகளின் ஆதரவில் நடந்தது. ஒரே காலத்தின் இந்த இரண்டு வகை இதழ்களில் ஓர் எழுத்து மொழி மாறும்போது எது கூடுகிறது, எது உதிர்கிறது என்பது அவர் கேள்வி. நல்ல கேள்வி. ஆனால் இதற்கு வழிகாட்டுகிறவர் பிரெஞ்சும் அரபும் இரண்டும் அறிந்தவராக, கவிதையும் அரசியல் வரலாறும் இரண்டும் தெரிந்தவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒருவர் ஒரே துறையில் கிடைப்பது அபூர்வம்.

துறையின் பழைய வழக்கு

ஒப்பிலக்கியத்தில் இடம் தேடுகிறவர் இந்தத் துறைக்குள் தீராமல் நடக்கும் ஒரு வழக்கைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மொழிபெயர்ப்பை வைத்து ஆய்வு செய்யலாமா என்பதுதான் அது. அமெரிக்க ஒப்பிலக்கியச் சங்கம் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை துறையின் நிலையைப் பற்றி அறிக்கை வெளியிடும். 1965இல் ஹாரி லெவின் தலைமையில் வந்ததும், 1975இல் தாமஸ் கிரீன் தலைமையில் வந்ததும் மூலமொழி விஷயத்தில் கறாரானவை. 1993இல் சார்ல்ஸ் பெர்ன்ஹைமர் தலைமையில் வந்த அறிக்கை மொழிபெயர்ப்பின் மீதிருந்த பழைய பகையைத் தணிக்கச் சொன்னது, பண்பாட்டு ஆய்வுகளுக்கும் கதவைத் திறந்தது. 2003இல் இரண்டு நூல்கள் எதிரெதிர்த் திசையில் இழுத்தன. மொழிபெயர்ப்பில் வளம் பெறும் எழுத்தே உலக இலக்கியம் என்ற வரையறையை டேவிட் டாம்ராஷ் முன்வைத்தார். காயத்ரி சக்கரவர்த்தி ஸ்பிவாக்கோ, பகுதி ஆய்வுத் துறைகளில், அதாவது உலகின் ஒரு வட்டாரத்தை மட்டும் ஆராயும் துறைகளில் நடக்கும் கடுமையான மொழிப் பயிற்சியோடு ஒப்பிலக்கியம் கைகோக்க வேண்டும் என்றார்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு துறையும் இந்த வழக்கின் ஏதோ ஓர் ஆண்டில் நின்றுவிட்டிருக்கும். அறிமுகப் பக்கத்தில் எல்லாத் துறையும் 'பன்மொழி, பன்மைப் பண்பாடு' என்றுதான் எழுதியிருக்கும். ஆய்வேடு எழுதத் தொடங்கும் முன் தேற வேண்டிய தகுதித் தேர்வுக்கான வாசிப்புப் பட்டியலைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். மூலமொழித் தலைப்புகள் எத்தனை, ஆங்கிலத் தலைப்புகள் எத்தனை, மொழித் தேர்வு வெறும் அகராதி வைத்து ஒரு பக்கம் பெயர்ப்பதா, இல்லை அந்த மொழியில் உள்ள ஆய்வுக் கட்டுரையைப் படித்து வாதாடுவதா என்பதில் துறையின் உண்மையான நிலை தெரியும்.

மாணவியின் தாளில் இந்த நிரல் இல்லை. 'தரவரிசை' இருந்தது. எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு 2010இல் வெளியிட்ட மதிப்பீடாம். அதற்கான தரவு 2005-06 கல்வியாண்டில் திரட்டியது. அதிலும் அந்தக் குழு தனி எண்ணாகத் தரம் சொல்லவே இல்லை, 'இத்தனைக்கும் இத்தனைக்கும் இடையில்' என்று வீச்சாகத்தான் கொடுத்திருந்தது. இவர் அதன் நடுவை எடுத்து ஓர் எண் ஆக்கியிருந்தார். அந்தத் தரவைத் திரட்டியபோது இவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். அப்போது அங்கே பாடம் நடத்தியவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அந்த நிரலை அழிக்கச் சொன்னேன். அழித்ததும் மூன்று இடங்களின் வரிசையே மாறிப்போனது.

மூன்று கடிதங்கள்

பெரிய இடம் அமெரிக்காவில் உள்ள பழமையான தனியார் பல்கலைக்கழகம். ஐந்தாண்டுக்கு உறுதி, பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 33,000 டாலர், படிப்புக் கட்டணம் முழுவதும் விலக்கு, மருத்துவக் காப்பீடு. முதல் ஆண்டும் கடைசி ஆண்டும் பாடம் நடத்த வேண்டாம். கோட்பாட்டுத் துறையில் பெயர் சொன்னாலே தெரியும் பேராசிரியர் ஒருவர் இவரை எடுத்துக்கொள்ள விரும்பியிருந்தார். அவருக்கு அரபு தெரியாது. அரபுக்கு வேறொரு துறையில் ஒருவர் இருந்தார், செவ்வியல் கவிதை ஆய்வாளர், ஓய்வுக்குக் கொஞ்ச காலமே பாக்கி.

மாநில இடமும் அமெரிக்காதான், அரசுப் பல்கலைக்கழகம். ஐந்தாண்டு, கடிதத்தில் 21,500 டாலர், இரண்டாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு பருவமும் ஒரு வகுப்பு. முதலில் தொடக்கநிலை பிரெஞ்சு, பிறகு தயாரானால் தொடக்கநிலை அரபு. ஒப்பிலக்கியத்தில் நவீன அரபும் பிரெஞ்சும் அறிந்த ஓர் இணைப் பேராசிரியை, பிரெஞ்சுத் துறையில் மக்ரிப் (மொராக்கோ உள்ளிட்ட வடமேற்கு ஆப்பிரிக்கா) இலக்கியக்காரர் ஒருவர், வரலாற்றுத் துறையில் வட ஆப்பிரிக்கா பற்றி எழுதும் ஒருவர்.

பிரிட்டன் இடத்தில் மூன்றாண்டு. கட்டணம் போக, அரசின் ஆய்வுக் குழுக்கள் அந்த ஆண்டுக்கு வைத்திருந்த விகிதத்திலேயே, 15,009 பவுண்டு உதவித்தொகை, வரி கிடையாது. வகுப்பறைப் பாடம் கிடையாது, முதல் நாளிலிருந்தே ஆய்வேடுதான். ஆய்வுப் பொருத்தம் என்று மட்டும் பார்த்தால் மூன்றில் இதுதான் முதல். மேற்பார்வையாளர் அந்தக் காலத்து ஆப்பிரிக்க ஆசிய இதழ்களிலேயே ஊறியவர்.

முதல் ஒரு வாரம் பேச்செல்லாம் பெரிய இடம், பிரிட்டன் இடம் இரண்டையும் சுற்றியே ஓடியது. மாநில இடம் ஓரமாக உட்கார்ந்திருந்தது. வரன் பார்க்கிற வீட்டில் 'பையன் நல்லவன்தான்' என்று சொல்லிவிட்டு அடுத்த ஜாதகத்தை எடுப்பார்களே, அது மாதிரி.

என் வாதம், அவர் பதில்

நான் பெரிய இடத்துக்காகப் பேசினேன். என் காரணங்கள் மட்டமானவை அல்ல என்று இன்றும் நினைக்கிறேன். மனிதவியல் (இலக்கியம், மொழி, வரலாறு, தத்துவம் போன்ற துறைகள்) வேலைச் சந்தை 2008க்குப் பின் எழுந்திருக்கவே இல்லை. அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கத்தின் வேலைப் பட்டியலில் ஆங்கிலத்துக்கும் பிற மொழிகளுக்கும் வந்த விளம்பரங்கள் 2007-08இல் இருந்ததில் பாதிக்கும் கீழே போயிருந்தன. அப்படி ஒரு சந்தையில் பேரும் கடிதமும் எடுபடும். பணமும் அங்கேதான் அதிகம்.

அங்கே நெறியாளருக்கு அரபு தெரியாதே என்றார் மாணவி. அதற்கு நான் கைலாசபதியை எடுத்துவிட்டேன். தமிழ் வீரநிலைக் கவிதையை ஆராய இலங்கைத் தமிழ்த் திறனாய்வாளர் க. கைலாசபதி போனது பர்மிங்ஹாமில் இருந்த ஜார்ஜ் தாம்சனிடம். தாம்சன் கிரேக்கப் பேராசிரியர், மார்க்சியர், தமிழ்த் துறைக்காரர் அல்ல. அந்த ஆய்வுதான் 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது, இன்றும் அதைத் தாண்டாமல் சங்கப் பாடல்களை யாரும் ஒப்பிட்டுப் பேச முடியாது. நெறியாளர் இன்னொரு கரையில் நின்றால்தான் ஒப்பீடு கூர்மையாகும் என்றேன். சொல்லும்போதே எனக்கு என் வாதம் பிடித்துப்போயிற்று.

இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு வந்தது இப்படி:

"சார், கைலாசபதிக்குத் தமிழைச் சரிபார்க்க ஆள் தேவைப்படல. அவருக்கு பலமான மொழி தமிழ். தெரியாத பக்கம் கிரேக்கம், அந்தப் பக்கம் தாம்சன் நின்னார். எனக்கு பிரெஞ்சு பலம், அரபு பலவீனம். பெரிய இடத்துல நெறியாளர் நிக்கறது என் பலமான பக்கத்துல."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் எடுத்த உதாரணம் அவர் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது. அன்று எக்செல் தாளில் ஒரு புதிய நிரல் சேர்ந்தது: 'என் அரபைத் திருத்தக்கூடியவர்கள் எத்தனை பேர்.' பெரிய இடம் ஒன்று, ஓய்வுக்குக் கொஞ்ச காலம் இருப்பவர். பிரிட்டன் ஒன்று, மேற்பார்வையாளர். மாநில இடம் மூன்று.

பிரிட்டன் இடம் விழுந்ததும் இதே காரணத்தால்தான். மூன்றாண்டில் எண்பதாயிரம் சொல் அளவுக்கு எழுத வேண்டும். அரபு ஏற்கெனவே கைக்குள் இருப்பவருக்கு அது நல்ல வழி, இவரை விட இரண்டு மடங்கு வேகமாக முடித்துவிடுவார். அரபை இனிமேல்தான் தேற்ற வேண்டியவருக்கு அந்த மூன்றாண்டில் மூச்சு விட இடமில்லை. அமெரிக்க முறையின் முதல் இரண்டு மூன்று ஆண்டு வகுப்புகளை வீண் காலம் என்று பலர் கிண்டலடிப்பார்கள். ஒரு மொழி தடுமாறுகிறவருக்கு அவைதான் மருத்துவமனைப் படுக்கை. மனிதவியலில் முனைவர் பட்டத்துக்கு அங்கே ஏறத்தாழ ஏழாண்டு ஆகிறது என்பதும், ஐந்தாண்டுக்குள் முடிக்கும்படி படிப்பைச் சீரமைக்க வேண்டும் என்று நவீன மொழிச் சங்கத்தின் குழு 2014இலேயே பரிந்துரைத்தது என்பதும் உண்மைதான். மொழி தயாராகாத ஆளை ஐந்தாண்டில் எப்படி முடிக்க வைப்பது என்பதற்குத்தான் யாரிடமும் நல்ல விடை இல்லை.

தொலைபேசியில் கேட்ட இரண்டு கேள்விகள்

மாணவர்களிடம் பேசு, பேராசிரியர்களிடம் அல்ல என்று எல்லாரும் சொல்வார்கள். என்ன பேசுவது என்றுதான் யாரும் சொல்வதில்லை. 'துறை எப்படி?' என்று கேட்டால் 'ரொம்ப நல்லா இருக்கு, எல்லாரும் ஆதரவா இருப்பாங்க' என்ற பதில்தான் வரும். ஆதரவு என்ற சொல்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவர்களாகப் பார்த்து இரண்டே கேள்விகள் கேட்பது என்று முடிவு செய்தோம். கடைசியாக நீங்கள் எழுதிய அத்தியாயத்தை யார் யார் படித்தார்கள்? கொடுத்து எத்தனை நாளில் திரும்பி வந்தது?

பெரிய இடத்து ஆறாம் ஆண்டு மாணவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். பிறகு, "அவர் முழுசா முடிஞ்சதும் படிக்கறதைத்தான் விரும்புவார்" என்றாராம். கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. உலகம் முழுக்கக் கூப்பிடுகிறார்கள், போய்க்கொண்டே இருக்கிறார். மாநில இடத்து மாணவி யோசிக்காமலே சொன்னார்: "மூணு வாரம். மூணு பேர். அதுல ஒருத்தர் அடிக்குறிப்புல உள்ள பக்க எண்ணைக்கூட சரிபார்ப்பார், கொஞ்சம் எரிச்சலா இருக்கும்." அந்த எரிச்சலில்தான் முடிவு பாதி ஆகிவிட்டது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் செய்தோம், செய்தது என் யோசனை, இந்தக் கதையில் எனக்குப் பெருமைப்பட இருக்கிற ஒரே இடம். மூன்று துறைகளின் கையேடுகளையும் தரவிறக்கி, 'நெறியாளர் பல்கலைக்கழகத்தை விட்டுப் போனால்' என்ற பகுதியைத் தேடினோம். பெரிய இடத்துக் கையேட்டில் அப்படி ஒரு பகுதி இல்லை. பிரிட்டனில் இரண்டாம் மேற்பார்வையாளர் பொறுப்பேற்பார் என்று ஒரு வரி இருந்தது, ஆனால் அந்த இரண்டாமவர் ஆங்கில நாவல்காரர். மாநில இடத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள்: போனவர் வெளி உறுப்பினராக ஆய்வேட்டுக் குழுவில் தொடரலாம், துறைக்குள் ஒருவர் தலைமை ஏற்க வேண்டும், அவர் வேறு மொழித் துறைக்காரராகவும் இருக்கலாம். எட்டாம் பக்கத்தில் நான்கு வரி.

அதே கையேட்டில் மூன்றாம் மொழியைப் பற்றியும் ஒரு விதி இருந்தது. தகுதித் தேர்வுக்கு மூன்று இலக்கியங்கள் வேண்டும், இவருக்கு மூன்றாவது தமிழ். பெரிய இடத்தில் தெற்காசியத் துறையே உண்டு, சிக்கல் இல்லை. மாநில இடத்தில் தமிழ் தெரிந்த ஒரு ஆள் கிடையாது. ஆனால் வெளியிலிருந்து தேர்வாளரை அழைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. பிறகு அப்படியே நடந்தது. 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழை அந்தத் தேர்வுப் பட்டியலில் சேர்த்தார், வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் ஜூமில் வந்து கேள்வி கேட்டார். பலமான மொழிக்கு ஜூம் போதும்.

ஏப்ரல்

அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கூட்டமைப்பில் ஒரு தீர்மானம் உண்டு. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் உதவித்தொகையோடு தரும் இடத்துக்கு ஏப்ரல் 15க்கு முன்னால் பதில் சொல்லும்படி மாணவரை நெருக்கக் கூடாது. பிரிட்டனை இது கட்டுப்படுத்தாது. அங்கிருந்து ஏப்ரல் 5க்குள் பதில் வேண்டும் என்று கடிதம் வந்தபோது இவர் கலங்கிப்போய் உடனே சரி சொல்லப் பார்த்தார். அவகாசம் கேள், கேட்டால் யாரும் இடத்தைப் பிடுங்கிவிட மாட்டார்கள் என்றேன். பத்து நாள் கேட்டார், ஐந்து நாள் கொடுத்தார்கள். 10ஆம் தேதி பிரிட்டனை மறுத்தார். 14ஆம் தேதி இரவு மாநில இடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். பெரிய இடத்துப் பேராசிரியர் மறுப்புக் கடிதத்துக்கு அன்பாக இரண்டு வரி பதில் எழுதினார். அது இவரை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

நான் என்ன செய்தேன்? 'உன் விருப்பம்' என்றேன். அந்தச் சொல்லில் எத்தனை வருத்தம் ஒளிந்திருந்தது என்பது அவருக்கும் தெரியும்.

பின்னர் நடந்தது

முதல் அடி பணத்தில் விழுந்தது. கடிதத்தில் இருந்த 21,500 டாலர் 'கல்வியாண்டுக்கு' என்று எழுதியிருந்தது. நாங்கள் இருவரும் அதை 'ஆண்டுக்கு' என்றே படித்தோம். மொழிக்கு மொழி சொல் எப்படி மாறுகிறது என்று ஆராயப் போகிறவரும் அவருடைய வாத்தியாரும்! கல்வியாண்டு என்றால் ஒன்பது மாதம். கோடையில் மூன்று மாதம் சம்பளம் இல்லை. அது போதாதென்று, படிப்புக் கட்டணம்தான் விலக்கே தவிர மாணவர் சேவைக் கட்டணம் என்று ஒவ்வொரு பருவமும் தனியாக ஒரு பில் வந்தது. முதல் கோடையில் நண்பரிடம் கடன் வாங்கினார். இரண்டாம் கோடையிலிருந்து பிரெஞ்சு வகுப்பு எடுத்துச் சமாளித்தார், அந்தக் கோடைகளில் ஆய்வு நகரவில்லை. எக்செல் தாளில் பணத்துக்குக் கொடுத்த மதிப்பெண்ணே தப்பு.

2020 மார்ச்சில் எல்லாம் மூடியது. ரபாத்துக்குப் போவது இரண்டாண்டு தள்ளிப்போனது. இதை எந்த இடமும் தடுத்திருக்க முடியாது என்பதால் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பல்கலைக்கழகம் ஓராண்டு நிதி நீட்டித்துக் கொடுத்தது.

2022 வசந்தத்தில் தகுதித் தேர்வு முடிந்தது. அந்தக் கோடையில் நெறியாளர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். யாரை நம்பி அங்கே சேர்ந்தாரோ அவர். தொலைபேசியில் அழுதார். எனக்குள் 'சொன்னேனே' என்று ஒரு குரல் எழுந்ததை மறைக்க மாட்டேன். பெரிய இடத்து ஆள் அசையாமல் அங்கேயே இருந்தார். ஆனால் அழுது முடித்த மறுநாள் இவர் எட்டாம் பக்கத்தைத் திறந்தார். பிரெஞ்சுத் துறைக்காரர் தலைமை ஏற்றார், போனவர் வெளி உறுப்பினர் ஆனார், வரலாற்றுக்காரர் அப்படியே. ஆறு வாரத்தில் காகித வேலை முடிந்தது. நான்கு வரி விதி இல்லாத இடத்தில் இது ஆறு மாதம் இழுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

2023 இலையுதிர் காலத்தில் மூன்றாம் அத்தியாயத்தைக் கொடுத்தார். 'அன்ஃபாஸ்' பற்றிய அத்தியாயம். அது 'சூஃப்ல்'இன் மொழிபெயர்ப்பு அல்ல, தனி இதழ், தனி அரசியல் என்று நிறுவுவது அதன் வேலை. அதில் ஓர் அரபுக் கட்டுரையின் ஒரு வாக்கியத்தை எடுத்து, இரண்டரைப் பக்கத்துக்குத் 'தான்' என்ற கருத்தைப் பற்றி அழகாக எழுதியிருந்தார். எனக்கும் அனுப்பியிருந்தார், படித்துவிட்டுப் பிரமாதம் என்று பதில் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து வெளி உறுப்பினரிடமிருந்து அத்தியாயம் திரும்பி வந்தது. அந்த இடத்தில் ஓரக்குறிப்பில் ஒரே ஒரு சொல், இரண்டு உயிர்க்குறிகளோடு. அரபில் 'நூன், ஃபா, சீன்' என்ற மூன்று எழுத்தை உயிர்க்குறி இல்லாமல் அச்சடித்தால் அது நஃப்ஸ் ஆகவும் இருக்கலாம், நஃபஸ் ஆகவும் இருக்கலாம். முதலாவது ஆன்மா, தான். இரண்டாவது மூச்சு. சின்ன வயதிலிருந்து ஓதிப் பழகிய கண் தானாக நஃப்ஸ் என்று படித்துவிட்டது. மூச்சு என்றே பெயர் வைத்த இதழில், கட்டுரை மூச்சைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. இரண்டரைப் பக்கமும் போயிற்று. அத்தோடு நிற்கவில்லை. அந்த வாசிப்பின் மேல் கட்டியிருந்த அத்தியாய முடிவும் சரிந்து, திரும்ப எழுத நான்கு மாதம் ஆனது. எழுதி வந்தபோது அது வேறு அத்தியாயம். பெயரையே வாதமாக்கி, ஒரே மூன்றெழுத்து எப்படி ஓதல் மொழியிலிருந்து அரசியல் மொழிக்கு இடம் மாறுகிறது என்று, தன் தவறையே திறவுகோலாக வைத்துத் தொடங்கியிருந்தார். ஆய்வேட்டில் சிறந்த பகுதி அதுதான்.

பெரிய இடத்தில் இது நடந்திருக்குமா என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இல்லை. அங்கிருந்த செவ்வியல் அரபுக்காரர் பார்த்திருந்தால் ஒரு நொடியில் பிடித்திருப்பார். பார்க்கக் கேட்டிருப்போமா, அவர் அங்கே இருந்திருப்பாரா என்பதுதான் கேள்வி. பிரிட்டன் மேற்பார்வையாளர் கண்டிப்பாகப் பிடித்திருப்பார். ஆனால் மூன்றாண்டு நிதியில் நான்கு மாதத்தைத் திரும்ப எழுதுவதற்கு எங்கிருந்து எடுத்திருப்பார்?

2025 மே மாதம் ஆய்வேட்டை வாய்மொழித் தேர்வில் நிலைநாட்டினார். ஆறாண்டு. ஒப்பிலக்கியத் துறையில் வேலை கிடைக்கவில்லை, அந்த ஆண்டு விளம்பரமே விரல் விட்டு எண்ணும் அளவுதான். ஒரு மொழித் துறையில் அரபும் பிரெஞ்சும் நடத்த இரண்டாண்டு ஒப்பந்தம் கிடைத்தது. நேர்முகத்தில் ஆய்வேட்டைப் பற்றிப் பத்து நிமிடம், தொடக்கநிலை அரபு வகுப்பை எப்படி நடத்துவீர்கள் என்று அரைமணி நேரம் கேட்டார்களாம். மாநில இடத்தில் சுமையாகத் தெரிந்த வகுப்புகள்தான் அங்கே சோறு போட்டன. பெரிய இடத்தின் பெயர் இருந்திருந்தால் இன்னும் நல்ல வேலையா என்றால், இருந்திருக்கலாம். இதை ஒரே ஒரு வாழ்க்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இப்போது தேர்வு செய்கிறவர்களுக்கு நாங்கள் 2019இல் கேட்கத் தோன்றாத ஒரு கேள்வியும் இருக்கிறது. அடுத்த ஆண்டு உங்களுக்குப் பின்னால் மாணவர்களைச் சேர்ப்பார்களா? பாஸ்டன் பல்கலைக்கழகம் 2025-26க்கு மனிதவியலிலும் சமூக அறிவியலிலும் பல முனைவர் படிப்புகளுக்குச் சேர்க்கையை நிறுத்திவைப்பதாக 2024 நவம்பரில் அறிவித்தது. சேர்க்கை நிற்கும் துறையில் கருத்தரங்க வகுப்புகள் மெலியும், பேராசிரியர்கள் வெளியே பார்ப்பார்கள், தேர்வுக்கு ஒன்றாகப் படிக்க ஆள் இருக்காது. கடிதத்தில் இது எழுதியிருக்காது, துறைச் செயலரிடம் நேராகக் கேட்க வேண்டும். உதவித்தொகை தொழிற்சங்க ஒப்பந்தத்தில் எழுதப்பட்டதா, துறையின் நல்லெண்ணத்தில் நிற்பதா என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம்.

சென்ற மாதம் பேசினோம். எழுதப்போகிறேன் என்று சொல்லி அனுமதி கேட்டேன். மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னால் என்ன செய்வாய் என்றும் கேட்டேன். எட்டாம் பக்கத்தைச் சொல்வார், ஓரக்குறிப்பைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அதே இடம்தான் சார். ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி போன் பண்ணி, கல்வியாண்டுன்னா எத்தனை மாசம்னு கேட்பேன்."